நிற்கத் தெரிந்த உடம்பு

என்ன தொழில் செய்கிறீர்கள் என்று யாராவது கேட்டால், என் வீட்டுக்காரர் முகத்தில் சிரிப்பே இல்லாமல் "மனுசங்கள விக்கிறோம்" என்பார். கேட்டவர் ஓர் அடி பின்னால் போய்விடுவார். அப்புறம் அவரைச் சமாதானப்படுத்தி விளக்கம் சொல்வது என் தலையில் விழும். கல்யாணமான நாளிலிருந்து இந்த மனிதர் பற்ற வைப்பதும் நான் தண்ணீர் ஊற்றுவதுமாகத்தான் காலம் போகிறது.

விளக்கம் இதுதான். படம் வரைகிறவர்களுக்கு ஆள் வேண்டும். நிற்கிற ஆள், குனிகிற ஆள், பாரம் தூக்குகிற ஆள். மணிக்கணக்கில் அசையாமல் நிற்க யார் வருவார்கள்? நாங்கள் ஒருவரை நடுவில் நிறுத்தி, சுற்றியிருக்கும் கேமராக்களால் ஒரே நொடியில் படமெடுத்து, எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஒட்டவைத்து முழு உருவம் ஆக்குகிறோம். வாங்குகிறவர் அதைத் திரையில் எந்தப் பக்கமும் திருப்பலாம், வெளிச்சத்தை மாற்றலாம், தரையில் உட்கார்ந்து அண்ணாந்து பார்ப்பதுபோல்கூடப் பார்க்கலாம். உருவத்துக்குக் கால் வலிக்காது, டீயும் கேட்காது.

கடை என்பது ஷட்டர் போட்ட நீளமான ஒற்றை அறை. முன்பு அங்கே வண்டி ரிப்பேர் நடந்தது. தரையில் உள்ள எண்ணெய்க் கறை எத்தனை முறை தேய்த்தும் போகவில்லை. நடுவில் இரும்புக் குழாய்களால் ஆன வட்டம், அதில் வரிசை வரிசையாகப் பழைய கேமராக்கள். கல்யாண வீடுகளில் படமெடுத்துக்கொண்டிருந்தவர் என் வீட்டுக்காரர். அவரோடு தொழில் பார்த்தவர்கள் ஒவ்வொருவராகப் புதிது வாங்கியபோது கழித்துப் போட்டவற்றைச் சேர்த்துக் கட்டினார். நாங்கள் அதைக் கூண்டு என்போம். கூண்டு அவருடையது, கம்ப்யூட்டர் என்னுடையது. அவர் பிடித்துக் கொடுக்கிற உருவத்தில் தூசும் புள்ளியுமாக ஒட்டியிருப்பதைத் துடைப்பேன். அக்குள், கழுத்தடி என்று கேமரா எட்டிப் பார்க்க முடியாத இடங்களில் விழும் ஓட்டைகளை அடைப்பேன். அதோடு சரி. ஓட்டையை அடைக்கலாம், உடம்பில் கை வைக்கக் கூடாது என்பது கடையின் சட்டம். சட்டம் போட்டவள் நான்.

இன்னொரு வழக்கமும் உண்டு. உருவம் தயாரானதும் நின்றவரைக் கூப்பிட்டு நாற்காலியில் உட்கார வைத்து, மவுஸைக் கையில் கொடுத்துவிட்டு நாங்கள் வெளியே போய்விடுவோம். அவர் தனியாகத் தன்னைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். முதுகில்தான் எல்லாரும் நின்றுவிடுவார்கள். தன் முதுகை யார் பார்த்திருக்கிறார்கள்? பஸ் டிரைவர் ஒருவர் கதவைத் திறந்து, "எங்கப்பா எப்ப வந்தாரு?" என்று கேட்டார். பார்த்தபின் வேண்டாம் என்று சொன்னால் ஏன் என்று கேட்க மாட்டோம். அவர் விரலாலேயே அழிக்கச் சொல்வோம். பல நாள் வேலை ஒரு பொத்தானில் போய்விடும். உள்ளுக்குள் எனக்குப் பற்றிக்கொண்டு வரும், ஆனால் வாயைத் திறக்க மாட்டேன்.

இத்தனை வருடம் இந்தக் கடை நின்றதே அப்படி வந்து நின்றவர்களால்தான். கொத்தனார், கண்டக்டர், தையல்காரர், சமையல்கார அண்ணன் என்று யார் யாரோ வந்தார்கள். நாங்கள் கொடுக்கிற, உடம்போடு ஒட்டுகிற சாம்பல் நிற உடையை மாட்டிக்கொண்டு கூச்சத்தோடு கூண்டுக்குள் போனார்கள். எல்லாரும் செய்கிற முதல் காரியம் வயிற்றை உள்ளே இழுப்பது. "மூச்ச விடுங்க, வயிறு எங்கயும் ஓடிப் போயிடாது" என்பேன். சிரிப்பார்கள், வயிறு தன் இடத்துக்கு வந்து சேரும், கேமராக்கள் சடக்கென்று ஒரே குரலில் அடிக்கும். அவர்களை நினைக்காமல் நான் ஷட்டரைத் தூக்குவதில்லை.

இந்த வருடம் வியாபாரம் படுத்துவிட்டது. என்ன மாதிரி ஆள் வேண்டும் என்று தட்டினால் போதும், ஏ.ஐ. எந்திரமே ஆளைக் கற்பனை செய்து கொடுத்துவிடுகிறது, அதுவும் சும்மா. வாடகையை இரண்டு தவணையாகக் கொடுக்க ஆரம்பித்தோம். பக்கத்து ஊரில் கண்காணிப்பு கேமரா மாட்டுகிற வேலை ஒன்று இருப்பதாக என் வீட்டுக்காரர் இரண்டு தடவை சொன்னார். மூன்றாவது தடவை சொல்லும்போது கூண்டைப் பிரித்தால் குழாய் மட்டும் என்ன விலைக்குப் போகும் என்றும் சேர்த்துச் சொன்னார்.

அந்த நேரத்தில்தான் ஓவியக் கல்லூரியிலிருந்து ஒரு மேடம் பேசினார். வேலை செய்து பழகிய உடம்புகளாக ஒரு தொகுப்பு வேண்டும், பிடித்தால் வருடா வருடம் எங்களிடமே வாங்குவார்களாம். நிபந்தனை ஒன்றுதான்: எல்லாரும் நிஜ மனிதர்களாக இருக்க வேண்டும். "அழகா இருக்கற பொம்மைங்க நிறைய கெடைக்குதுங்க. அத வரைஞ்சு வரைஞ்சு பசங்களுக்கு மனுசன் எப்படி நிக்கறான்னே மறந்துபோச்சு" என்றார். போனை வைத்ததிலிருந்து என் வீட்டுக்காரர் கண்காணிப்பு கேமரா வேலையைப் பற்றிய பேச்சை எடுக்கவே இல்லை. எனக்கும் அன்றைக்கு ரொம்ப நாளைக்கு அப்புறம் சாப்பாடு இறங்கியது.

மேடம் கேட்ட மாதிரி ஆட்களில் அநேகமாக எல்லாரும் எங்களிடம் ஏற்கனவே இருந்தார்கள். பிள்ளை பெற்ற நடுவயதுப் பெண் ஒருத்தி மட்டும் இல்லை. இரண்டு கடை தள்ளி இருக்கும் சலவைக்கடை அக்கா ஒத்துக்கொண்டார். எங்கள் சாம்பல் உடைகளைத் துவைத்துத் தேய்த்துக் கொடுப்பவர் அவர்தான். வந்தார், நின்றார், உருவம் நன்றாகவே வந்திருந்தது. பார்க்கிற நாளன்று உள்ளே ரொம்ப நேரம் இருந்தார். வெளியே வந்தபோது முந்தானையை இழுத்துப் போர்த்தியிருந்தார்.

"வேணாம்மா" என்றார்.

"சரிக்கா" என்றேன்.

அவரே விரலை வைத்து அழித்தார். அவர் போனதும் நான் ஷட்டரைக் கொஞ்சம் பலமாகத்தான் இறக்கினேன். கல்லூரிக்கு அனுப்ப வேண்டிய நாள் நெருங்கியிருந்தது. தெரிந்த பெண்களை எல்லாம் கேட்டாயிற்று. ஒருத்தி சிரித்தாள், ஒருத்தி தன் வீட்டுக்காரரிடம் கேட்டுச் சொல்வதாகப் போனாள், போனவள் போனவள்தான்.

என் வீட்டுக்காரர் சுவரைப் பார்த்தார், கூண்டைப் பார்த்தார், மேலே மின்விசிறியைப் பார்த்தார். என்னை மட்டும் பார்க்கவில்லை.

"சொல்லுங்க" என்றேன்.

"நான் ஒன்னும் சொல்லலயே."

"நீங்க சொல்லாம இருக்கறதுதான் எனக்குக் காது கிழியுது."

"உனக்கு இஷ்டம் இல்லன்னா விட்டுடு" என்றார். அப்புறம் மெதுவாக, "நீயும் ரெண்டு பெத்தவதானே" என்றார்.

இத்தனை பேரைக் கூண்டுக்குள் அனுப்பியவள் நான், ஒரு நாளும் உள்ளே நின்றதில்லை. கேமராவுக்கு இந்தப் பக்கம் இருக்கிறவளுக்கு எதற்கு அதெல்லாம் என்று இருந்துவிட்டேன். வீட்டில் விஷயத்தைச் சொன்னதும் மூத்தவள், "அம்மா, உன்ன யாரும்மா வாங்குவா?" என்றாள். அவள் அப்பாவின் வாய் அவளுக்கு.

நான் நின்ற அன்று சலவைக்கடை அக்கா உடையைத் தேய்த்து எடுத்துக்கொண்டு வந்தார். கொடுத்துவிட்டுப் போகவில்லை, வாசலிலேயே நின்றார்.

"நீ என்மேல கோவமா இல்லயேம்மா?"

"இல்லக்கா."

"பொய் சொல்ற. ஷட்டர் எறக்கின சத்தம் எங்க கடைக்குக் கேட்டுது." சிரித்தார். "ஆனா ஏன்னு நீ கேக்கல பாரு. எங்க வீட்ல நான் ஒரு டம்ளர் தண்ணி வேணாம்னு சொன்னாக்கூட ஏன்னு கேப்பாங்க. வேணாம்னு ஒரு வார்த்த சொன்னேன், அத்தோட முடிஞ்சுது. எனக்கு அது எவ்வளவு பெருசுன்னு உனக்குத் தெரியாது."

உடையை மாட்டிக்கொண்டு திரும்பி நின்றேன். முதுகுப்பக்கம் ஜிப்பை அவர்தான் போட்டுவிட்டார். கூண்டுக்குள் போனதும் நான் செய்த முதல் காரியம் வயிற்றை உள்ளே இழுத்ததுதான். அக்கா வெளியிலிருந்து, "மூச்ச விடும்மா, நீதானே எங்களுக்குச் சொல்லிக் குடுத்த" என்றார். விட்டேன். சடக்.

அடுத்து நடந்ததற்கு நான் மட்டுமே பொறுப்பு. மற்றவர்களுக்குச் செய்கிறதுபோல் என்னை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு வெளியே போகிறேன் என்றார் என் வீட்டுக்காரர். "எனக்கு எதுக்கு அதெல்லாம், நான்தானே துடைக்கப்போறேன்" என்று துரத்திவிட்டேன். மத்தியானம் அவர் பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகளைக் கூப்பிடப் போயிருந்தார். நான் தூசைத் துடைத்தேன், ஓட்டைகளை அடைத்தேன். அப்புறம் பக்கவாட்டில் திருப்பினேன்.

வயிறு இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அது எனக்கு முன்னால் அறைக்குள் நுழைகிற அளவுக்கு இருக்கிறது என்று தெரியாது. கை துறுதுறுத்தது. சும்மா ஒரு தடவை மவுஸால் தேய்த்துப் பார்த்தேன், கொஞ்சம் உள்ளே போனது. இன்னொரு தடவை தேய்த்தேன். களிமண்ணைத் தடவுகிற மாதிரி அது சொன்னபடி கேட்டது. இத்தனை வருடமாக நான் சொன்ன எதையும் கேட்காத வயிறு. இடுப்பை ஒரு சுற்றுக் குறைத்தேன், கையின் சதையை இழுத்துவிட்டேன். எனக்கு முன்னால் அந்தக் கூண்டில் நின்றவர்களில் யாருக்கும் இந்த வசதி கிடைக்கவில்லை என்பது அப்போது எனக்குத் தோன்றவே இல்லை. தோன்றியது ஒன்றுதான்: பரவாயில்லை, பார்க்கும்படி இருக்கிறேன்.

மற்ற உருவங்களோடு சேர்த்து அனுப்பிவிட்டேன். எங்கள் கடையில் உருவங்களுக்குப் பெயர் கிடையாது, எண் மட்டும்தான். அதனால் நான் யாரென்று கல்லூரியில் யாருக்கும் தெரியாது.

ஒரு வாரம் கழித்து மேடம் பேசினார். குரலில் பழைய கலகலப்பு இல்லை.

"மத்ததெல்லாம் ரொம்ப நல்லா இருக்குங்க. அந்த டிரைவர், கொத்தனார் எல்லாம் பசங்க விடவே மாட்டேங்கறாங்க. ஆனா அந்த அம்மா நிக்க மாட்டேங்கறாங்களே."

"நிக்கலயா?"

"பின்னாடி விழறாங்க. பசங்க எப்பவும் உடம்போட மொத்த பாரத்துக்கும் நடுவுலேந்து ஒரு நேர்கோடு எறக்கிப் பாப்பாங்க, அது பாதத்துமேல விழணும். இவங்களுக்குக் குதிகாலத் தாண்டிப் பின்னாடி போகுது. முதுகு நல்லா வளைஞ்சு பின்னாடி சாஞ்சிருக்கு. முன்னாடி எதையோ தாங்கற முதுகு அது. ஆனா முன்னாடி ஒன்னுமே இல்ல. இப்படி ஒரு மனுசியால ஒரு நிமிஷம்கூட நிக்க முடியாது."

நான் கம்ப்யூட்டரில் அந்த உருவத்தைத் திறந்தேன்.

"மெஷின்ல செஞ்சதாங்க இது?" என்று கேட்டார். "தப்பா எடுத்துக்காதீங்க. இது ஒன்னு பொய்னா மிச்ச பேர நான் எப்படி நம்பறது? வருஷ ஏற்பாட்டுக்கு நான்தான் கையெழுத்துப் போடணும். நாளைக்குள்ள சொல்லுங்க."

அசடு வழிந்ததைப் பார்க்க அங்கே யாரும் இல்லை என்பது மட்டும்தான் ஆறுதல். பயம் அதற்கப்புறம் வந்தது. கடை போய்விடும் என்ற பயம் பழகியது. என்னால் அந்த டிரைவரும் கொத்தனாரும் பொய்யாகிவிட்டார்கள் என்பதைத்தான் தாங்க முடியவில்லை. வயிற்றை விட்டு, மூச்சை விட்டு, இருக்கிறபடி நின்றவர்கள் அவர்கள்.

என் வீட்டுக்காரர் வந்ததும் மூச்சு விடாமல் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் தலையைச் சொறிந்தார்.

"எனக்குத் தெரியும்" என்றார்.

"என்ன தெரியும்?"

"அனுப்பின அன்னிக்கே பாத்தேன். வயித்தக் காணோம்."

"பாத்துட்டு வாய மூடிக்கிட்டா இருந்தீங்க?"

"வேற என்ன பண்றது? பொண்டாட்டிகிட்ட போய், இல்லம்மா, உனக்கு வயிறு இருக்குன்னு எந்தப் புருஷன் சொல்லுவான்? எனக்கும் உசுரு மேல ஆச இருக்குல்ல."

அழுதுகொண்டிருந்தவள் சிரித்துவிட்டேன். இந்த மனிதர் மேல் எனக்கு இருக்கிற கோபமெல்லாம் கரைந்துபோவது இந்த மாதிரி இடங்களில்தான். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டார். கேமராவிலிருந்து முதலில் வந்த உருவத்தை, நான் கை வைக்காததை, திரையில் திறந்தார். மவுஸை என் பக்கம் நகர்த்தினார்.

"பாரு. வேணாம்னு தோணுச்சுன்னா அழிச்சிடு. மேடம்கிட்ட நான் பேசிக்கறேன். கடை போனா போகுது, அந்தக் கேமரா மாட்டற வேலைக்குப் போறேன். நெஜமாத்தான் சொல்றேன்."

வெளியே போய் ஷட்டரைப் பாதி இறக்கினார்.

நிஜமாகத்தான் சொன்னார் என்று எனக்குத் தெரியும். அதனாலேயே ரொம்ப நேரம் திரையைப் பார்க்க முடியவில்லை. அப்புறம் முதுகுப் பக்கமாகத் திருப்பினேன்.

அகலமான முதுகு. நாள் முழுக்க மவுஸ் பிடித்து வலது தோள் கொஞ்சம் ஏறியிருந்தது. இடுப்புக்கு மேலே உள்வாங்கி வளைந்திருந்தது. மேடம் சொன்னதை நினைத்துக்கொண்டு பக்கவாட்டில் திருப்பி, வயிற்றையும் முதுகையும் சேர்த்துப் பாரத்தின் நடுவைக் கணக்குப் பார்த்து, அங்கிருந்து ஒரு கோட்டை இறக்கினேன். கோடு இடுப்பைத் தொட்டு, முழங்காலைத் தொட்டு, பாதத்தின் நடுவில் வந்து விழுந்தது. துளி ஆட்டமில்லை. முன்னால் இருந்த பாரத்துக்குத் தகுந்த மாதிரி முதுகு தன்னைப் பின்னால் வளைத்துக்கொண்டிருந்தது. யாரும் அதற்குச் சொல்லித் தரவில்லை. மூத்தவள் வயிற்றில் இருந்தபோது கற்றுக்கொண்டிருக்கும், சின்னவனை இடுப்பில் வைத்துக்கொண்டு மாடி ஏறியபோது பழகியிருக்கும். கூண்டுக்குக் குழாய்களைத் தோளில் சுமந்து கொண்டுவந்தபோதும் அதுதான் என்னை நிமிர்த்திப் பிடித்திருக்கும்.

இவ்வளவு காலம் இந்த உடம்பைத் திட்டியிருக்கிறேன். புடவைக் கடைக் கண்ணாடியில் திட்டியிருக்கிறேன், கல்யாண போட்டோவில் யாராவது ஒருவர் பின்னால் ஒளிந்திருக்கிறேன். அது ஒன்றும் சொல்லாமல் என்னை விழவிடாமல் வைத்திருந்திருக்கிறது. எனக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட அதிகமாக நன்றியாக இருந்தது. தெய்வத்துக்குச் சொல்கிற நன்றி மாதிரி இல்லை. சொந்தக்காரர் ஒருவர் பல வருடம் பேசாமல் உதவி செய்துகொண்டிருந்தது திடீரென்று தெரியவந்தால் ஓடிப்போய்க் கையைப் பிடித்துக்கொள்ளத் தோன்றுமே, அந்த மாதிரி. நாற்காலியில் உட்கார்ந்தபடியே கையைப் பின்னால் கொண்டுபோய் இடுப்பை ஒரு தடவை அழுத்திக்கொண்டேன்.

அழிக்கவில்லை. தூசைத் துடைத்தேன், ஓட்டைகளை அடைத்தேன், வேறெதிலும் கை வைக்கவில்லை. முன்னால் அனுப்பியதில் வயிற்றை வெட்டியது நான்தான், மற்றவர்கள் யார் மேலும் கை படவில்லை, கேமராவிலிருந்து வந்த மூலப் படங்களையும் அனுப்புகிறேன், நீங்களே ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மேடத்துக்கு எழுதினேன். அனுப்பிவிட்டு ஷட்டரைத் தூக்கினேன். என் வீட்டுக்காரர் வாசல் படியில் உட்கார்ந்திருந்தார். முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டார், நகர்ந்து எனக்கு இடம் விட்டார்.

மறுநாள் நாங்கள் இரண்டு பேரும் வேலை செய்கிற மாதிரி நடித்துக்கொண்டிருந்தோம். அவர் துடைத்த கேமராவையே மறுபடி துடைத்தார். சலவைக்கடை அக்கா வந்து, போன் வந்ததா என்று கேட்டுவிட்டுப் போனார். கொஞ்ச நேரத்தில் திரும்ப வந்து, ஒன்றும் கேட்காமல் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

சாயங்காலம் போன் வந்தது. பின்னால் பெஞ்சு நகர்கிற சத்தமும் பிள்ளைகள் பேசுகிற சத்தமும் கேட்டன.

"எல்லா மூலப் படமும் பாத்துட்டேங்க" என்றார் மேடம். "ஒன்னு கேக்கலாமா? ஏன் வெட்டினீங்க?"

எங்கள் கடையில் கேட்கக் கூடாத கேள்வி அது. ஆனால் அவர் எங்கள் கடையில் இல்லையே. "பாக்க நல்லா இருக்கட்டுமேன்னு" என்றேன்.

"அடுத்த தடவ வேணாங்க. நம்ம ஏற்பாட்டுக்குக் கையெழுத்துப் போட்டு அனுப்பிட்டேன். இப்ப அந்த அம்மா நல்லா நிக்கிறாங்க. மொத்த கிளாஸும் அவங்களத்தான் வரையுது. ஒரு பொண்ணு வரைஞ்சுகிட்டே அழுதா, கேட்டா எங்கம்மா இப்படித்தான் நிப்பாங்கன்னா. வந்து நின்னதுக்கு அவங்களுக்கு எங்க சார்பா நன்றி சொல்லணும். யாருங்க அவங்க?"

ஸ்டூலிலிருந்து அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். என் வீட்டுக்காரர் கேமராவைத் துடைப்பதை நிறுத்தியிருந்தார். எண்ணைச் சொல்லிவிட்டு வைத்துவிடலாம். எங்கள் வழக்கமும் அதுதான்.

"நான்தாங்க" என்றேன்.